எண்ணெய் தோய்ந்த மண்ணும் நுண்ணுயிர்களும்

மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளின் வாயிலில் தரை எப்பொழுதும் கறுத்திருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அங்கே புல் முளைப்பதில்லை. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கும். அதன்மேல் வானவில்லின் நிறங்கள் படலமாய்ப் பரவும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆயினும், அந்தத் தரை ஏறக்குறைய உயிரற்ற தரை. மண் துகள்களின் இடையே காற்றும் நீரும் இருக்கவேண்டிய இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டுவிட்டது.

பட்டறை வாயிலில் சில சதுர அடியளவு காணும் இக்காட்சியைப் பல ஏக்கர் பரப்புக்குப் பெருக்கிப் பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், பெட்ரோல், டீசல் சேமிக்கும் பெருந்தொட்டிகள், பூமிக்கடியில் செல்லும் குழாய்கள், பழைய ரயில்வே பணிமனைகள் ஆகியவை உள்ள இடங்களில் எல்லாம் ஆண்டுக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகவோ, விபத்தினால் ஒரேயடியாகவோ எண்ணெய் மண்ணில் இறங்கியிருக்கிறது. மேலே உள்ள மண் கெட்டதோடு இது நின்றுவிட்டால் நாம் அவ்வளவு கவலைப்படவேண்டியதில்லை. எண்ணெய் கீழே இறங்குகிறது. நிலத்தடி நீரைத் தொடுகிறது. பெட்ரோலில் உள்ள பென்ஸீன் என்னும் பொருள் நீரில் சிறிதளவு கரையக் கூடியது, புற்றுநோயை விளைவிப்பது. குடிநீரில் அது ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 2013-ஆம் ஆண்டில் வடசென்னையின் தண்டையார்பேட்டைப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து எண்ணெய் கலந்த நீர் வந்தபொழுது, அப்பகுதி மக்கள் தங்கள் வீட்டு நீரைத் தாங்களே பயன்படுத்த இயலாத நிலை ஏற்பட்டது. ஆகவே, மண்ணைத் தூய்மை செய்வது எப்படி என்னும் வினா, வெறும் ஆராய்ச்சிக்கூடத்து வினா அன்று.

கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து வேறோர் இடத்தில் புதைக்கலாம். ஆனால், அது தொல்லையை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு வண்டியேற்றி அனுப்புவதேயாகும். உலையில் இட்டு எரிக்கலாம், செலவு மிகுதி, எரித்தபின் கிடைப்பது மண்ணன்று, சாம்பல். வெந்நீராலும் சோப்பு போன்ற பொருள்களாலும் கழுவலாம். கழுவிய நீரை என்ன செய்வது என்ற கேள்வி அப்பொழுது எழும். இவற்றையெல்லாம் விட எளிய வழியொன்று உண்டு. எண்ணெயை உண்டு வாழும் நுண்ணுயிர்களிடமே அவ்வேலையை ஒப்படைப்பதுதான் அது.

எண்ணெயை உண்ணும் உயிர்களும் உளவோ என்று சிலர் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. மனிதன் கிணறு தோண்டி எண்ணெய் எடுக்கத் தொடங்கியது நேற்று நிகழ்ந்த செய்தி. அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே நிலத்தின் வெடிப்புகள் வழியாகவும் கடலின் அடித்தளத்திலிருந்தும் எண்ணெய் தானாகவே கசிந்துகொண்டிருக்கிறது. மேலும், எண்ணெய் என்பது பழங்காலத்து நுண்செடிகளும் நுண்ணுயிர்களும் மடிந்து, புதைந்து, மாறியதால் உண்டான பொருளேயாகும். இலைகளின் மேற்பூச்சாய் உள்ள மெழுகுங்கூட இதற்கு நெருங்கிய உறவுடையது. இத்தகைய பெருவிருந்தை இயற்கை உண்ணாமல் விட்டுவைக்குமா? மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலும் பூஞ்சைகளிலும் பல இனங்கள் எண்ணெயையே உணவாகக் கொள்ளவல்லவை என்பதை 1946-ஆம் ஆண்டிலேயே கிளாட் ஸோபெல் என்னும் அமெரிக்க அறிஞர் விரிவாகத் தொகுத்து எழுதினார். எண்ணெய் படாத மண்ணில் இவை சிறு தொகையினராய் ஒதுங்கி வாழ்கின்றன. எண்ணெய் கொட்டியவுடன் பல்கிப் பெருகுகின்றன.

அவை உண்ணும் முறை நம் உடலுக்குப் புதியதன்று. எண்ணெய் என்பது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகளாலும் வளையங்களாலும் ஆனது. பாக்டீரியா முதலில் சோப்பை ஒத்த ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறச் செய்கிறது. பின்பு தன்னிடமுள்ள நொதியின் துணையால் சங்கிலியின் ஒரு முனையில் ஆக்ஸிஜனைப் பொருத்துகிறது. இதனால் எண்ணெய் முதலில் ஒருவகைச் சாராயமாகவும் பின்னர்க் கொழுப்பு அமிலமாகவும் மாறுகிறது. கொழுப்பு அமிலமாக மாறியபின் கவலையில்லை. நாம் உண்ணும் நெய்யும் நல்லெண்ணெயும் நம் உடலில் எவ்வாறு இரண்டிரண்டு கரியணுக்களாக வெட்டப்பட்டு எரிகின்றனவோ, அதே முறையில் இதுவும் எரிகிறது. முடிவில் எஞ்சுபவை கரியமில வாயுவும் நீரும். ஒரு பகுதி பாக்டீரியாவின் உடலாகவே மாறிவிடுகிறது. பாக்டீரியா மடிந்தபின் அது மண்ணுக்கு எருவாகும்.

எல்லா எண்ணெய்ப் பொருள்களையும் அவை ஒரே விருப்பத்துடன் உண்பதில்லை. நேரான சங்கிலிகள் விரைவில் மறையும். கிளைத்த சங்கிலிகள் சற்றுத் தாமதிக்கும். பல வளையங்கள் பிணைந்தவை மேலும் தாமதிக்கும். தார் போன்ற கனத்த பகுதி மிக நெடுங்காலம் கிடக்கும். பந்தியில் முதலில் பாயசம் தீர்வதும் கடைசியில் பாகற்காய் எஞ்சுவதும் போல என்று கூறலாம். டீசல் சிந்திய மண்ணைச் சில திங்களில் சீராக்க முடிவதும், தொட்டியின் அடிக்கசடு கலந்த மண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்வதும் இக்காரணம் பற்றியே.

இங்கே மாணவர்கள் ஒரு வினா எழுப்பலாம். எண்ணெயை உண்ணும் உயிர்கள் மண்ணிலேயே இருக்குமாயின், பட்டறை வாயிலின் தரை ஏன் இன்னும் கறுத்துக் கிடக்கிறது? இது நல்ல வினா. இத்துறையின் முழு இரகசியமும் இதற்குரிய விடையில்தான் இருக்கிறது. சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ எண்ணெயை முற்றிலும் எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்குவதற்கு ஏறத்தாழ 3.4 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். அடுப்பில் எரித்தாலும் பாக்டீரியாவின் உடலில் எரித்தாலும் இக்கணக்கு மாறாது. நீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரையும்? நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவே. அப்படியாயின் ஒரு கிலோ எண்ணெயை எரிக்கத் தேவையான ஆக்ஸிஜனை நீரின் வழியாக அனுப்ப வேண்டுமென்றால், நான்கு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீரை அம்மண்ணினூடே செலுத்த வேண்டும். அதே ஆக்ஸிஜன் காற்றில் எவ்வளவு இடத்தில் கிடைக்கும்? சுமார் 12 கன மீட்டர் காற்றில். அதாவது ஒரு சிறிய அறைக்குள் அடங்கும் காற்றில் பாதிகூட இல்லை. எண்ணெயும் நீரும் அடைத்துக்கொண்ட மண்ணில் பாக்டீரியா பட்டினி கிடப்பதில்லை; மூச்சுத் திணறுகிறது. சோறு மலைபோல் குவிந்திருக்கிறது. உண்பதற்கு மூச்சு இல்லை.

இரண்டாவது குறை நைட்ரஜனும் பாஸ்பரஸும். எண்ணெயில் கரி மிகுதி. உடலைக் கட்டுவதற்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகச் சொற்பம். நூறு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு பாஸ்பரஸும் என்பது இத்துறையில் வழங்கும் தோராயமான அளவு. ஒரு டன் மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் கலந்திருப்பதாகக் கொள்வோம். அதாவது 50 கிலோ எண்ணெய். அதில் கரி ஏறக்குறைய 42 கிலோ. அதற்கு ஒன்பது கிலோ யூரியாவும் ஆறு கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் போதும். உரக்கடையில் கிடைக்கும் இதே பொருள்கள்தாம்! ஆனால், ஆர்வமிகுதியால் முழுவதையும் ஒரே நாளில் கொட்டிவிடலாகாது. பயிர் கருகுவது போலவே நுண்ணுயிரும் கருகும். பிரித்துப் பிரித்து இடவேண்டும். ஈரம் வேண்டும், சேறாகிவிடக் கூடாது. புளிப்பும் காரமும் மிகாமல் இருத்தல் வேண்டும். இவ்வளவையும் கேட்கும் உழவர் ஒருவர், இது நாங்கள் செய்யும் வேலைதானே என்று சொல்வாரானால் அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆங்கிலத்திலும் இம்முறையின் ஒரு வகைக்கு 'நில உழவு' என்று பொருள்படும் பெயரையே வழங்குகிறார்கள்.

அம்முறையில், நீர் கீழே இறங்காதபடி களிமண்ணோ பிளாஸ்டிக் விரிப்போ இட்ட களத்தின்மேல் கெட்ட மண்ணை ஓரடி உயரத்திற்குப் பரப்புகிறார்கள். உரமிட்டு, நீர் தெளித்து, கலப்பையால் அடிக்கடி உழுது காற்றோட்டம் தருகிறார்கள். இடம் குறைவாக உள்ள தொழிற்சாலைகளில் மண்ணை நீண்ட குவியல்களாக அமைத்து, உள்ளே துளைகளிட்ட குழாய்களைப் பதித்துக் காற்றைச் செலுத்துகிறார்கள். வைக்கோல், உமி, மரத்தூள் போன்றவற்றைக் கலந்தால் மண் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும்.

தோண்டவே இயலாத ஆழத்தில் எண்ணெய் சென்றுவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆம்ப்ளர் என்னும் ஊரில் பூமிக்கடியில் சென்ற பெட்ரோல் குழாய் கசிந்து, ஊர்க் குடிநீர்க் கிணறுகளுக்கு ஆபத்து நேர்ந்தது. இறைத்து எடுக்கக் கூடிய பெட்ரோலை இறைத்து எடுத்தார்கள். பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியவில்லை. எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ரிச்சர்ட் ரேமண்ட் என்னும் நுண்ணுயிரியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1972-ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையைக் கையாண்டார்கள். கிணறுகளின் வழியே நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளைக் கரைத்து அனுப்பி, காற்றையும் செலுத்தினார்கள். வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவைக்கூட அவர்கள் கொண்டுவரவில்லை. அங்கேயே இருந்தவை பன்மடங்கு பெருகின. மண்ணைத் தோண்டாமலே, இருந்த இடத்திலேயே தூய்மை செய்யும் முறைக்கு இதுவே முன்னோடி எனக் கருதப்படுகிறது.

நாம் மேலே போட்ட ஆக்ஸிஜன் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த படி எளிதில் விளங்கும். நீரின் வழியாக ஆக்ஸிஜனை அனுப்புவதைக் காட்டிலும் நீர்மட்டத்திற்கு மேலுள்ள மண்ணில் காற்றையே மெல்லச் செலுத்துவது மேலன்றோ? 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் விமான எரிபொருள் மண்ணில் சிந்திவிட்டது. மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்க அங்கே விசைகளை அமைத்தார்கள். வெளிவந்த காற்றைச் சோதித்தபொழுது எதிர்பாராத செய்தி ஒன்று தெரியவந்தது. எரிபொருளின் ஒரு பகுதி ஆவியாக வந்தது. மற்றொரு பகுதியோ கரியமில வாயுவாக மாறி வந்தது. உறிஞ்சும் காற்றோட்டம், யாரும் கேளாமலே, மண்ணிலிருந்த பாக்டீரியாக்களுக்கு மூச்சளித்திருந்தது. அதன்பின் காற்றோட்டத்தின் வேகத்தைக் குறைத்து, ஆவியாகப் போவதைத் தடுத்து, உண்ணப்படுவதை மிகுவித்தார்கள். பெட்ரோல் ஆவியாகிப் போனால் மண் தூய்மையாகலாம். ஆனால், அக்கேடு காற்றுக்குப் போயிற்றே தவிர அழிந்துவிடவில்லை. மண்ணில் எண்ணெய் குறைந்துவிட்டது என்று சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்பொழுது இந்த வேறுபாட்டை நாம் கவனித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் புகழ்பெற்ற ஒரு வழக்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்னும் அறிஞர், எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளை உண்ணும் ஆற்றல்களை நான்கு வகைப் பாக்டீரியாக்களிலிருந்து எடுத்து ஒரே பாக்டீரியாவில் சேர்த்தார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாமா என்னும் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1980-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நீதிபதிகள் ஐவர் ஆம் என்றும் நால்வர் இல்லை என்றும் கருத்துக் கூற, அவர் வென்றார். சட்ட வரலாற்றில் அது பெருநிகழ்ச்சி. ஆனால், எண்ணெய் சிந்திய நிலங்களில் அந்தப் பாக்டீரியா பயன்படுத்தப்படவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடிக் குடுவையில் பேரரசனாய் வாழும் உயிர், வெளியே மண்ணில் வெயிலையும் வறட்சியையும் பசித்த போட்டியாளர்களையும் எதிர்த்து நிலைப்பது எளிதன்று. மரபுமாற்றம் செய்த உயிரை வெளியில் விடுவதற்கு அரசாங்கங்களும் தயங்கின.

அவ்வாறாயின், வெளியிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது வீண்தானா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. 1989-ஆம் ஆண்டில் எக்ஸான் வால்டெஸ் என்னும் கப்பல் அலாஸ்காக் கரையோரத்தில் தரைதட்டி, ஒரு கோடி காலனுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கொட்டியது. அடுத்த ஆண்டில் அக்கரையில், விற்பனைக்கு வந்திருந்த நுண்ணுயிர்த் தூள்களில் இரண்டைச் சோதித்தார்கள். உரம் மட்டும் இட்ட இடத்தைவிடத் தூளும் உரமும் சேர்த்து இட்ட இடம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளூர் உயிர்களே அங்கே போதுமான அளவில் இருந்தன.

இதற்கு எதிர்ப்புறம் நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. வட இந்தியாவில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் எண்ணெய்க் கசடு கலந்த மண்ணைச் சோதித்தபொழுது, எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் ஒரு கிராம் மண்ணில் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரையே இருந்தன. மண்ணைப் பொறுத்தவரை இது மிகச் சிறிய எண். டெல்லியிலுள்ள டெரி என்னும் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள், பொறுக்கி எடுத்த பாக்டீரியாக் கூட்டத்தையும் உரத்தையும் இரு வயல்களில் இட்டார்கள். மூன்றாவதை உதவியின்றி விட்டார்கள். ஓராண்டின் முடிவில் உதவி பெற்ற வயல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவு எண்ணெய் மறைந்தது. மற்றதில் நூற்றுக்குப் பதினான்கு பங்குதான். 2001-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. இந்த ஆராய்ச்சிகளின் வழியே வந்த 'ஆயில்ஸாப்பர்' என்னும் கலவையில் ஐந்து வகைப் பாக்டீரியாக்களை மக்காச்சோளத் தக்கைத் தூளில் ஏற்றி மூட்டைகளாக அனுப்புகிறார்கள். அவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: விதைநெல் களத்திலேயே கிடக்கும் நிலத்தில் வேறு விதை வாங்குவது வீண் செலவு, விதையே அற்றுப்போன நிலத்தில் விதைக்காமல் உரமிட்டுப் பயனில்லை. எந்த நிலம் எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தறிய வேண்டும். மூட்டையை விற்பவர் அந்த எண்ணிக்கையை அவசரமாகக் கேட்பதில்லை.

சென்னைக்கு அருகில் எண்ணூரில் 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். மீனவரும் மாணவரும் தொண்டரும் வாளிகளால் அள்ளிய கசடை, துறைமுக வளாகத்திலேயே குழியமைத்து நுண்ணுயிர் முறையால் பக்குவப்படுத்த ஏற்பாடு செய்யப்பட்டது. நம் நாட்டு வெப்பம் இவ்வேலைக்கு உகந்தது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. இங்கே ஆண்டு முழுவதும் வேலை நடைபெறும். ஈரத்தைக் காப்பதுதான் கோடையில் நமக்குள்ள தொல்லை.

காற்றே இல்லாத ஆழத்திலும் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை ஆக்ஸிஜனுக்குப் பதிலாக மண்ணிலுள்ள இரும்புத் துருவையும் கந்தக உப்புகளையும் பயன்படுத்தி எண்ணெயை மெல்ல மெல்ல உண்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்னும் ஊரருகே 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எண்ணெய்க் குழாய் வெடித்துப் பதினேழு லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அப்பொழுதே அகற்றிவிட்டார்கள். எஞ்சியதை இயற்கை என்ன செய்கிறது என்பதை 1983 முதல் அந்நாட்டு நிலவியல் துறையினர் இடைவிடாது அளந்து வருகிறார்கள். எண்ணெயில் கரைந்த நச்சுப் பொருள்கள் நிலத்தடி நீரோடு நெடுந்தொலைவு சென்றுவிடாமல் நுண்ணுயிர்கள் தடுக்கின்றன. அதே சமயத்தில், நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் எண்ணெய் அங்கே கிடக்கத்தான் செய்கிறது. ஒன்றும் செய்யாமல் இயற்கையிடம் விட்டுவிடுவோம் என்று கூறும் தொழிற்சாலைகள் இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நுண்ணுயிர்களால் ஆகாத செயலும் உண்டு. கசடோடு கலந்திருக்கும் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை அவை உண்டு அழிக்க முடியா. தனிமத்தை எரித்து இல்லாமற் செய்வது எவ்வுயிராலும் இயலாதது. இறுகிய களிமண்ணில் காற்றும் உரமும் நுழையா. எண்ணெய் அளவுக்கு மீறினால் நுண்ணுயிர்களும் மடியும். அப்பொழுது நல்ல மண்ணைக் கலந்து செறிவைக் குறைத்த பின்னரே வேலையைத் தொடங்க இயலும்.

இந்தக் கடைசிச் செய்தியில் ஒரு சூழ்ச்சிக்கும் இடமிருக்கிறது. நூறு வண்டி நல்ல மண்ணைக் கொண்டுவந்து கலந்துவிட்டு, எண்ணெயின் செறிவு குறைந்துவிட்டது, ஆகவே நிலம் தூய்மையாயிற்று என்று யாரேனும் கணக்குக் காட்டினால் எவ்வாறு கண்டுபிடிப்பது? இதற்கும் எண்ணெயே சான்று தருகிறது. கச்சா எண்ணெயில் ஹோப்பேன் என்னும் வளையப் பொருள் ஒன்று உண்டு. பழங்காலப் பாக்டீரியாக்களின் உடற்சுவரிலிருந்து வந்தது. நுண்ணுயிர்கள் அதனை எளிதில் தொடுவதில்லை. நல்ல மண்ணைக் கலந்திருந்தால் எண்ணெயின் மற்றப் பகுதிகளும் ஹோப்பேனும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும். உண்மையில் உண்ணப்பட்டிருந்தால் மற்றவை குறைய, ஹோப்பேன் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே, ஆய்வாளர்கள் எண்ணெயின் மொத்த அளவை மட்டும் கேட்பதில்லை. ஹோப்பேனோடு ஒப்பிட்ட அளவைக் கேட்கிறார்கள். அத்துடன், பக்குவம் செய்த மண்ணை ஒரு தட்டில் பரப்பி விதைகளை ஊன்றி, நல்ல மண்ணில் ஊன்றிய விதைகளோடு ஒப்பிட்டு எத்தனை முளைத்தன என்று எண்ணுகிறார்கள். மண்புழுக்களை விட்டு இரண்டு வாரத்திற்குப் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் பார்க்கிறார்கள்.